எது முந்தியது, எது பிந்தியது? பாறை அடுக்குகளும் புதைபடிவங்களின் வரிசையும்

கேள்வி சுருக்கமாக இது: "கீழடுக்கில் கிடைப்பது பழையது, மேலடுக்கில் கிடைப்பது புதியது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் மலைகளில் அடுக்குகள் மடிந்தும் கவிழ்ந்தும் கிடக்கின்றனவே, அங்கே என்ன செய்வார்கள்? ஓரிடத்துப் பாறையை ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாறையோடு எப்படி ஒப்பிடுகிறார்கள்? பாறையை வைத்துப் புதைபடிவத்துக்கு வயது சொல்கிறார்கள், அதே புதைபடிவத்தை வைத்துப் பாறைக்கும் வயது சொல்கிறார்கள். இது செக்குமாடு சுற்றுவதுபோல் இல்லையா?"

மூன்றும் கேட்கவேண்டிய கேள்விகள். மூன்றாவதற்கு அவசரமாகப் பதில் சொன்னால் நிற்காது. முதல் இரண்டையும் பார்த்துவிட்டு அங்கே போகலாம்.

இங்கே நாம் பேசுவது ஆண்டுக்கணக்கில் வயது அல்ல, முன்பின் வரிசை. இரண்டு பிள்ளைகளில் யார் அண்ணன், யார் தம்பி என்று சொல்ல இருவருடைய பிறந்த தேதியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதைத்தான் சார்பு வயது என்கிறோம். ஆண்டுக்கணக்கு வரும்வரை ஒப்பேற்றிக்கொண்ட தற்காலிக ஏற்பாடு இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்றைக்கும் வரிசைதான் முதலில், எண் பிறகு. எண் தவறாக வந்து, வரிசை அதைப் பிடித்துக்கொடுத்த சம்பவமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பெரிய சுறா ஒன்று பிடிபட்டது. அதன் தலையை ஃபிளாரன்ஸ் நகருக்கு அனுப்பினார்கள். அதை அறுத்து ஆராய்ந்தவர் டென்மார்க்கில் பிறந்த உடற்கூற்று அறிஞர் நிக்கோலஸ் ஸ்டீனோ. மால்ட்டா போன்ற இடங்களில் பாறைக்குள் கிடைக்கும் முக்கோணக் கற்களை மக்கள் 'நாக்குக் கல்' என்று அழைத்துவந்தார்கள். அவை சுறாப் பற்களே என்பது அவருக்குப் புரிந்தது. அதை அவருக்கு முன்பும் சிலர் சொல்லியிருந்தார்கள். ஸ்டீனோ அதோடு நிற்காமல், ஒரு திடப்பொருளுக்குள் இன்னொரு திடப்பொருள் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டார். அவர் கண்ட விடை எளிது. எது முதலில் கெட்டியானதோ அது மற்றதில் தன் வடிவத்தைப் பதிக்கும். பல் நசுங்கவில்லை, பாறைதான் பல்லைச் சுற்றி வளைந்துகொடுத்திருக்கிறது. ஆகவே பல் பல்லாக இருந்தபோது பாறை இன்னும் சேறாக இருந்தது.

இந்த யோசனையிலிருந்துதான் அடுக்குகளின் கணக்கே பிறந்தது. 1669இல் அவர் எழுதியதன் சாரத்தை இப்படிச் சொல்லலாம். ஓர் அடுக்கு படிய வேண்டுமானால் அதைத் தாங்க அடியில் கெட்டியான தளம் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். மேலே அப்போது தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆகவே அடியில் இருப்பது முன்னே வந்தது. வண்டல் ஏறத்தாழ மட்டமாகவே படியும். இன்று அடுக்கு சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வு பின்னால் வந்தது. ஓர் அடுக்கு, படுகையின் கரை தட்டும்வரையோ மெலிந்து மறையும்வரையோ பக்கவாட்டில் தொடரும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு அதை அறுத்திருந்தாலும் இரு பக்கச் சுவர்களிலும் தெரிவது ஒரே அடுக்குதான்.

இவற்றை விதிகள் என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருந்தாக வேண்டும் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. 'கீழே இருப்பது பழையது' என்பதே உண்மையில் 'படிந்தபோது கீழே இருந்தது பழையது' என்பதன் சுருக்கம்தான். படிந்தபோது எது கீழே என்பதை இன்றைய கிடப்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாறையே அதைச் சொல்லும்.

காய்ந்த குளத்தின் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். சேறு வெடித்திருக்கும். ஒவ்வொரு வெடிப்பும் மேலே அகன்று, கீழே போகப்போக ஒடுங்கி, ஆப்பு போலிருக்கும். அடுத்த வெள்ளம் கொண்டுவரும் மணல் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி நிரம்பும். பல கோடி ஆண்டுகள் கழித்து அந்தக் களிப்பாறையைக் குறுக்கே உடைத்துப் பார்த்தால், வெளிறிய மணலால் ஆன சிறு ஆப்புகள் வரிசையாகத் தெரியும். ஆப்பின் கூர்முனை தரையைப் பார்த்தால் அடுக்கு நேராக இருக்கிறது. கூர்முனை வானத்தைப் பார்த்தால் அந்த அடுக்கே கவிழ்ந்திருக்கிறது. அங்கே 'மேலே' இருக்கும் புதைபடிவம்தான் பழையது.

இதுபோன்ற சாட்சிகள் ஏராளம். கலங்கிய நீர் ஒரே தடவையில் கொட்டிய அடுக்கில் பரல்மணல் அடியிலும் நுண்மணல் மேலேயும் இருக்கும். அலை ஆடிய மணலில் வரம்புகளின் முகடு கூராகவும் பள்ளம் உருண்டும் இருக்கும். கால்தடம் என்றால் பள்ளம் மேற்பரப்பில், அதன் அச்சு மேலடுக்கின் அடிப்பகுதியில். எனக்கு மிகவும் பிடித்தது சிப்பிக்குள் இருக்கும் ரசமட்டம். கடலடியில் கிடந்த சிப்பியின் உட்குழிவில் பாதிவரை சேறு புகுந்து மட்டமாகப் படிந்துவிடும். மிச்சமிருந்த வெற்றிடத்தில் பின்னாளில் வெள்ளைக் கால்சைட் படிகம் வளரும். சேறும் படிகமும் சந்திக்கும் கோடு அன்றைய கிடைமட்டம். படிகம் இருக்கும் பக்கம் அன்றைய மேல்பக்கம். கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி காட்டும் அதே செய்தியை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிப்பி பத்துக் கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் காட்டுகிறது. மலையே புரண்டிருந்தாலும் அந்தக் கோடு மாறுவதில்லை.

ஆனால் கவிழாமலே வரிசை தப்பும் இடங்களும் உண்டு. சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மலைகளில், 25 முதல் 30 கோடி ஆண்டுப் பழமையான பாறை மலையுச்சியிலும், 3.5 முதல் 5 கோடி ஆண்டுப் பாறை அதற்கு அடியிலும் இருக்கின்றன. நடுவே கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு, தொலைவிலிருந்தே தெரியும். பூமியின் மேலோடு நெருக்கப்பட்டபோது பழைய பாறைத் தகடு ஒன்று மொத்தமாக நகர்ந்து புதிய பாறையின்மேல் ஏறிவிட்டது. அதை முதலில் பிரம்மாண்டமான இரட்டை மடிப்பு என்றே விளக்கினார்கள். 1884இல் பிரெஞ்சு நிலவியலாளர் மார்செல் பெர்ட்ராண்ட், ஒரே திசையில் ஏறிய பிளவுத் தகடு என்று சொன்னார், பிறகு அதுவே நிலைத்தது. அமெரிக்காவின் கிளேஸியர் தேசியப் பூங்காவிலும் இதே கதை: நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறைகள், டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலப் பாறைகளின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. இவற்றைச் 'சங்கடமான விதிவிலக்கு' என்று மூடி மறைப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். உண்மையில் நகர்ந்த தடம் அங்கேயே இருக்கிறது: அந்தக் கோட்டை ஒட்டிய பாறை அரைபட்டு நீண்டிருக்கும், தேய்த்த கீறல்கள் இருக்கும், இரு பக்கமும் தனித்தனியே பார்த்தால் அதனதன் உள்வரிசை குலையாமல் இருக்கும்.

அடுத்தது, வெட்டுவதும் அடங்குவதும். எது எதை வெட்டுகிறதோ, வெட்டுவது இளையது. எது எதற்குள் துண்டாக அடங்கியிருக்கிறதோ, துண்டு மூத்தது. இரண்டும் குழந்தைக்கும் புரியும் விஷயங்கள். சேர்த்துப் பயன்படுத்தும்போதுதான் அவற்றின் பலம் தெரியும். ஒரு செங்குத்துப் பாறைச்சுவரைக் கற்பனை செய்து பார்ப்போம்.

சுவரின் அடியில் சாய்ந்து கிடக்கும் களிப்பாறை அடுக்குகள், அவற்றில் ட்ரைலோபைட்டுகள் (கண்டம் கண்டமான உடல்கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகள்). அந்த அடுக்குகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கறுத்த எரிமலைப் பாறை ஒன்று சுவர்போல் மேலே ஏறுகிறது. அது சட்டென்று ஓரிடத்தில், களிப்பாறையோடு சேர்ந்தே, மழுங்கி முடிகிறது. அதற்கு மேலே கூழாங்கற்கள் இறுகிய திரள்பாறை மட்டமாகக் கிடக்கிறது. அதன்மேல் சுண்ணாம்புக்கல், அதில் அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுகொண்ட, அழிந்துபோன கடலுயிரிகள்). எல்லாவற்றையும் ஒரு பிளவு மேலிருந்து கீழ்வரை அறுத்து, ஒரு பக்கத்தை இரண்டு மீட்டர் இறக்கியிருக்கிறது.

இப்போது திரள்பாறையின் பக்கத்தில் போய் நின்று கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றில் சில கறுப்பாக, அந்த எரிமலைச்சுவரின் அதே பாறையாக இருக்கின்றன. அவ்வளவு போதும். எரிமலைச்சுவர் இறுகி, மேலிருந்த நிலம் அரிக்கப்பட்டு அது வெளியே தெரிந்து, உடைந்து, தண்ணீரில் உருண்டு கூழாங்கல்லான பிறகுதான் திரள்பாறையே உருவானது. வரிசை இப்படி வருகிறது: சேறு படிந்து ட்ரைலோபைட் புதைந்தது, அது பாறையாகிச் சாய்ந்தது, பாறைக்குழம்பு ஊடுருவியது, மொத்தமும் அரிபட்டது, கூழாங்கல் படிந்தது, கடல் வந்து அம்மோனைட்டைப் புதைத்தது, கடைசியில் பிளவு. இரண்டு உயிர்களுக்கும் நடுவில் எத்தனை நிகழ்ச்சிகள்! இதில் ஆண்டு ஒன்றுகூட இல்லை; ஆனாலும் எந்த இரண்டை எடுத்தாலும் எது முந்தியது என்பதில் சந்தேகமே இல்லை.

எரிமலைப் பாறையில் மட்டும் ஒரு சூதானம் வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே மட்டமாகக் கிடக்கும் கறுத்த பாறை, அந்தக் காலத்தில் தரைமேல் வழிந்து பிறகு புதைந்த குழம்பாகவும் இருக்கலாம், வெகுகாலம் கழித்து இரண்டு அடுக்குகளுக்கு இடையே நுழைந்த குழம்பாகவும் இருக்கலாம். வித்தியாசம் சூட்டில் இருக்கிறது. தரையில் வழிந்தது தனக்குக் கீழே உள்ளதை மட்டும் சுட்டிருக்கும். நடுவே நுழைந்தது மேலும் கீழும் இரண்டையும் சுட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் மேலடுக்கிலுள்ள புதைபடிவத்தின் இடமே மாறிப்போகும்.

இப்போது அந்த அரிபட்ட பரப்புக்கு வருவோம். இதை இணக்கமின்மை என்கிறார்கள். பெயர் சாதுவாக இருந்தாலும் விஷயம் தலைசுற்ற வைப்பது. 1788இல் நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன், அவருடைய நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் மூவரும் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையோரம் படகில் போய் சிக்கார் பாயிண்ட் என்ற முனையில் இறங்கினார்கள். அங்கே சாம்பல் நிற அடுக்குகள் புத்தக அலமாரியில் நிற்கும் புத்தகங்களைப் போலச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் வெட்டுப்பட்ட தலைமேல் செம்மணற்கல் லேசான சாய்வில் கிடக்கிறது. ஒரு கடலில் வண்டல் படிந்து, இறுகி, நிமிர்ந்து, மலையாகி, தேய்ந்து மட்டமாகி, மறுபடி அதன்மேல் மணல் படிய எவ்வளவு காலம் பிடித்திருக்கும்? ஹட்டனிடம் எண் இல்லை. இன்றைய கணக்கில் அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கிய இடைவெளி சுமார் 6.5 கோடி ஆண்டுகள். கையகலத் தொலைவில் இருக்கும் இரண்டு புதைபடிவங்கள் காலத்தில் அடுத்தடுத்தவை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

சிக்கார் பாயிண்டிலாவது கோணம் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் சில இடங்களில், சுமார் 50 கோடி ஆண்டுப் பழமையான கேம்பிரியன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல், எந்தக் கோண மாற்றமும் இல்லாமல், அதைவிட வெகு இளைய ரெட்வால் என்ற சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இடைவிடாமல் படிந்ததுபோலிருக்கும். நடுவில் 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலான காலம் காணாமல் போயிருக்கிறது. கேம்பிரியனுக்கு அடுத்து வந்த ஆர்டோவிசியன், சிலூரியன் காலங்களின் பாறைகள் அங்கே முழுக்க இல்லை. இது எப்படித் தெரிந்தது? இரு பக்கத்துப் புதைபடிவங்களும் வேறு இடங்களில் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை வைத்துத்தான். இங்கிருந்து இரண்டாவது கேள்விக்குள் நுழைகிறோம்.

ஓரிடத்துச் சுவரில் வரிசை போட்டாயிற்று. வெகுதூரம் தள்ளியுள்ள இன்னொரு சுவரோடு இதை எப்படிப் பொருத்துவது? பாறையின் நிறமும் தன்மையும் உதவாது. மணற்கல் எல்லாக் காலத்திலும் உருவாகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே மணற்கல் அடுக்கே எல்லா இடத்திலும் ஒரே வயதாக இருக்காது. கடல் நிலத்துக்குள் மெல்ல ஏறிவரும்போது கடற்கரை மணலும் கூடவே உள்நோக்கி நகர்கிறது. அந்த மணலைப் பின்தொடர்ந்து நடந்தால் உடையாத ஒரே அடுக்குபோல் தோன்றும். ஆனால் கடல் பக்கம் மூத்ததாகவும் நிலப்பக்கம் இளையதாகவும் இருக்கும். அதனால்தான் 'ஒரே பாறை' என்பதும் 'ஒரே காலம்' என்பதும் வேறுவேறு என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலைக்கு நில அளவை செய்த வில்லியம் ஸ்மித். நிலக்கரி ஏற்றிச் செல்லும் கால்வாய்க்காக மண்ணையும் பாறையையும் வெட்டிக்கொண்டே போனபோது, பார்க்க ஒன்றுபோலிருக்கும் களிமண் அடுக்குகளில் வெவ்வேறு சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் இருப்பதைக் கவனித்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கே உரிய கூட்டம். அந்தக் கூட்டங்கள் வரும் வரிசை எங்கே வெட்டினாலும் மாறவில்லை. 1796 வாக்கில் இது அவருக்குத் தெளிவாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் நிலவியல் வரைபடத்தை 1815இல் வெளியிட்டார். 1819இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார்; 1831இல்தான் லண்டன் நிலவியல் கழகம் தன் முதல் வொல்லஸ்டன் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸைச் சுற்றியுள்ள படுகையில் பிரெஞ்சு அறிஞர்கள் குவியேவும் பிராங்னியாரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

எல்லாப் புதைபடிவமும் இந்த வேலைக்கு உதவாது. உலகின் பல பகுதிகளில் பரவியிருக்க வேண்டும், ஏராளமாகக் கிடைக்க வேண்டும், பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த வேகத்தில் மறைந்திருக்க வேண்டும். இவற்றை வழிகாட்டிப் புதைபடிவங்கள் என்கிறோம். லிங்குலா போன்ற ஓட்டு உயிரிகள் பல பத்துக் கோடி ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வாழ்ந்தவை. அவற்றை வைத்துக் காலம் சொல்ல முடியாது. அம்மோனைட்டுகள் அதற்கு நேரெதிர். நீந்தும் உயிரிகள் என்பதால் அடித்தரை மணலா சேறா என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல. இனங்களோ சட்டுச்சட்டென்று மாறிக்கொண்டேயிருந்தன. வடமேற்கு ஐரோப்பாவில் ஜுராசிக் காலத்தை மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட அம்மோனைட் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஜுராசிக் ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகள் என்றால், ஒரு மண்டலம் சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு. ட்ரைலோபைட், கிராப்டோலைட் (கூட்டமாக வாழ்ந்த கடலுயிரி), கோனோடான்ட் (பல் போன்ற நுண்புதைபடிவம்), ஃபோராமினிஃபெரா (நுண்ணோட்டு உயிரி) என்று ஒவ்வொரு காலத்துக்கும் இப்படி ஒரு கைகாட்டி உண்டு.

ஒற்றை இனத்தைவிடக் கூட்டம் நம்பகமானது. ஓர் இனம் மூன்றாம் அடுக்கில் தோன்றி ஏழாம் அடுக்கில் மறைகிறது. இன்னோர் இனம் ஆறில் தோன்றிப் பத்தில் மறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாட்டில் இரண்டும் ஒரே கல்லில் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தால், அந்தக் கல் ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்டது. மூன்றாவது, நான்காவது இனம் சேரச்சேர அந்த இடுக்கு இன்னும் குறுகும். ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது இதுதான்.

இனி அந்தச் செக்குமாட்டுக் கேள்வி. வரிசையை முதலில் கொடுத்தது புதைபடிவம் அல்ல. எது எதன்மேல் கிடக்கிறது என்ற நேரடிப் பார்வை. நூற்றுக்கணக்கான வெட்டுமுகங்களில், புதைபடிவம் எதுவானாலும் சரி என்று, மேல்கீழை மட்டும் வைத்து வரிசை போட்டார்கள். பிறகு அந்த வரிசையில் எந்த உயிரினம் எங்கே வருகிறது என்று பார்த்தார்கள். அது எங்கும் மாறாமல் வந்ததால், மேல்கீழ் தெரியாத தனிக்கல்லுக்கு அதைப் பயன்படுத்தத் துணிந்தார்கள். காலக்கிரமமும் இதைச் சொல்கிறது. இந்த வரிசையின் காலப்பகுதிகளுக்கு வைத்த பெயர்களில் கார்பனிஃபெரஸ், கிரெட்டேசியஸ் 1822இல், ட்ரையாசிக் 1834இல், கேம்பிரியனும் சிலூரியனும் 1835இல், டெவோனியன் 1839இல், பெர்மியன் 1841இல் வந்தவை. டார்வின் தன் நூலை வெளியிட்டது 1859இல். கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதோ 1896இல். பரிணாமத்தை நம்பியோ அணுவின் சிதைவை அளந்தோ இந்த வரிசையை யாரும் போடவில்லை. ஸ்மித்துக்கு வேண்டியிருந்ததெல்லாம், கால்வாய் எந்தப் பாறை வழியாகப் போகும் என்ற விடை.

மேலும், இது தோற்கக்கூடிய கணக்கு. ஒவ்வொரு புதிய ஆழ்துளையும் ஒரு சோதனை. குலையாத அடுக்கில் அம்மோனைட்டுகளுக்கு மேலே கேம்பிரியன் ட்ரைலோபைட்டுகள் திரும்பத் திரும்பக் கிடைத்தால் கணக்கு உடைந்துவிடும். இருநூறு ஆண்டுகளாகப் பூமியைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம், அது உடையவில்லை. உடைந்ததுபோல் தோன்றிய இடங்களில் தேடியபோது கிளாரஸ் போன்ற தகடு நகர்ந்த தடம் கிடைத்தது.

தவறு நேரும் இடங்களை மறைக்க வேண்டியதில்லை. முதலாவது, இடம்பெயர்ந்த புதைபடிவம். பழைய பாறை அரிக்கப்படும்போது அதிலிருந்த பல்லோ ஓடோ விடுபட்டு, உருண்டு போய், புதிய சேற்றில் மறுபடி புதையும். ஓரங்கள் மழுங்கியிருக்கும், உள்ளே நிரம்பிய கனிமமும் சுற்றியுள்ள பாறையும் நிறத்தில் ஒத்துப்போகாது. ஆனால் நுண்ணுயிர் ஓடுகளில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே பொதுவிதி: ஓர் அடுக்கின் வயதை அதிலுள்ள மிக இளைய உயிரினம் சொல்லும், மூத்தது வெறும் வந்தேறியாக இருக்கலாம்.

ஆழ்துளையில் இது தலைகீழாகிறது. துளையிடும்போது மேல்சுவரிலிருந்து துகள்கள் உதிர்ந்து, அடியிலிருந்து வரும் கற்பொடியோடு கலந்து மேலே வரும். அதாவது இளையவை ஆழத்து மாதிரியில் கலந்துவிடும். அதனால் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்யும் நுண்புதைபடிவ வல்லுநர்கள் ஓர் இனம் முதன்முதலில் தோன்றிய இடத்தை அவ்வளவாக நம்புவதில்லை. மேலிருந்து கீழே போகும்போது அந்த இனம் முதல் தடவை கண்ணில் படும் ஆழத்தை, அதாவது அது கடைசியாக வாழ்ந்த காலத்தை, நம்புகிறார்கள். மேலேயிருந்து உதிர்ந்திருக்க அதற்கு வழியே இல்லை.

இரண்டாவது தவறு, 'கிடைக்கவில்லை' என்பதை 'இருக்கவில்லை' என்று படிப்பது. சீலகாந்த் மீனின் புதைபடிவங்கள் கிரெட்டேசியஸ் முடிவோடு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நின்றுவிடுகின்றன. 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் அது உயிரோடு வலையில் விழுந்தது. ஓர் இனத்தின் கடைசிப் புதைபடிவம் அதன் கடைசி உயிர் அல்ல. அது எப்போதும் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடும். சிக்னர், லிப்ஸ் என்ற இருவர் 1982இல் இதை முறையாக விளக்கினார்கள். திடீரென்று நடந்த பேரழிவுகூடப் பாறையில் படிப்படியாக நடந்ததுபோல் தெரிவதற்கு இதுவே காரணம்.

இந்த இரண்டு தொல்லையும் இல்லாத அடுக்குகளும் உண்டு. எரிமலைச் சாம்பல் சில நாட்களில் பெரும் பரப்பில் விழுந்துவிடும். ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலுக்கும் தனி வேதிக் கைரேகை இருக்கும். இத்தாலியின் குபியோவில் கிரெட்டேசியஸ் முடியும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு களிமண் படலம் இருக்கிறது. அதில், பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் அதிகமாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம் மிகுந்திருப்பதை 1980இல் ஆல்வரெஸ் தந்தையும் மகனும் தங்கள் சகாக்களோடு அறிவித்தார்கள். விண்கல் மோதலின் அந்தத் தூசி உலகெங்கும் ஒரே நேரத்தில் படிந்தது. அதற்குக் கீழே இருந்தால் முன்பு, மேலே இருந்தால் பின்பு; எந்தக் கண்டமானாலும் சரி.

எண்கள் இந்த இடத்தில்தான் வந்து சேர்கின்றன. படிவுப் பாறையை நேரடியாகக் காலக்கணிப்பு செய்வது பெரும்பாலும் பயன் தராது. மணல்துகளின் வயதைச் சொன்னால் அது வந்த பழைய மலையின் வயதுதான் கிடைக்கும். மேலும் கீழும் சாம்பல் அடுக்குகள் இருந்தால் அவற்றிலுள்ள படிகங்களை அளந்து, நடுவில் உள்ளதைச் சிறைப்பிடிக்கலாம். சீனாவின் மெய்ஷானில் பெர்மியன் முடிந்து ட்ரையாசிக் தொடங்கும் இடத்தை 2001இல் உலக அளவில் வரையறுத்தார்கள். ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடான்ட் முதலில் தோன்றும் கோடு அது. கீழே ஒரு சாம்பல், மேலே ஒரு சாம்பல். இரண்டும் ஏறத்தாழ 25.19 கோடி ஆண்டுகள், இடையே சுமார் 60 ஆயிரம் ஆண்டு வித்தியாசம் மட்டுமே. எல்லையைக் காட்டுவது புதைபடிவம், எண்ணைக் கொடுப்பது சாம்பல்.

எண்ணை வரிசை திருத்திய கதையைச் சொல்கிறேன் என்றேன். கென்யாவில் துர்க்கானா ஏரியின் கிழக்கே கேபிஎஸ் என்று ஒரு சாம்பல் அடுக்கு இருக்கிறது. 1969இல் எடுத்த மாதிரிகளை அளந்து அதற்கு 26 லட்சம் ஆண்டு என்று சொன்னார்கள். 1972இல் அந்தச் சாம்பலுக்குக் கீழே 1470 என்ற எண்ணால் புகழ்பெற்ற மண்டையோடு கிடைத்தது. அப்படியானால் பெரிய மூளை கொண்ட, நம் மனிதப் பேரினமான ஹோமோ 26 லட்சம் ஆண்டுக்கும் முந்தியது என்று ஆகிவிட்டது.

பன்றிப் பற்களை ஆராய்ந்துகொண்டிருந்த பேசில் குக் இதை ஏற்கவில்லை. வடக்கே எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் தடித்த அடுக்குவரிசை இருக்கிறது. அங்கே ஒரு பன்றி மரபில், கடைவாய்ப்பல் காலப்போக்கில் நீண்டுகொண்டே வருவது அடுக்கடுக்காகத் தெரியும். துர்க்கானாவில் கேபிஎஸ் சாம்பலுக்குக் கீழே கிடைத்த பன்றிப் பற்கள், ஓமோவில் 20 லட்சம் ஆண்டு வாக்கில் உள்ள பற்களோடுதான் பொருந்தின. ஆறு லட்சம் ஆண்டு இடித்தது. ஏரியின் ஒரு பக்கத்தில் மட்டும் பன்றிகள் அத்தனை காலம் முன்னதாக மாறியிருக்க முடியுமா? சில ஆண்டுகள் கடுமையான வாதம் நடந்தது. வேறு ஆய்வகங்கள் மறுபடி அளந்தன. சாம்பலோடு ஆற்றில் வந்த பழைய துகள்கள் கலந்திருந்ததும், கேபிஎஸ்ஸும் ஓமோவின் ஒரு சாம்பலும் வேதிக் கைரேகையில் ஒன்றே என்பதும் தெரியவந்தன. இன்று ஏற்றுக்கொண்ட வயது சுமார் 18.8 லட்சம் ஆண்டு. பன்றிகள் சொன்னது சரி.

நீங்களே எங்காவது புதைபடிவம் ஒன்றைக் கண்டால், சட்டப்படி எடுக்க அனுமதியுள்ள இடமாக இருந்தாலும், உடனே பெயர்த்தெடுக்காதீர்கள். முதலில் முழு வெட்டுமுகத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அது எந்த அடுக்கில், அடுக்கின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். கல்லின்மேல் வானத்தை நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். அடிவாரத்தில் உதிர்ந்து கிடந்ததை எடுத்தால் 'உதிரி' என்றே குறியுங்கள். கையில் வந்தபின் அதில் ஒட்டியிருக்கும் பாறையைப் பளபளப்பாக்கச் சுரண்டிவிடாதீர்கள். இடம் எழுதாமல் பழைய சேகரிப்புகளில் கிடக்கும் எலும்புகளுக்கு, பொந்துகளில் ஒட்டியிருந்த கடுகளவு சேற்றிலிருந்து மகரந்தத் துகளையும் நுண்ணோடுகளையும் பிரித்தெடுத்து, எந்த அடுக்கிலிருந்து வந்தவை என்று பின்னாளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.